மசோதாக்களை ஆராயத் துறைவாரிக் குழுக்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2023 ஏப்ரல் 12 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் அறிமுகமாகி, ஆளுங்கூட்டணியிலேயே இருந்த காங்கிரஸ், இடதுசாரி, விடுதலைச் சிறுத்தைகள் உறுப்பினர்களின் எதிர்ப்பையும் மீறி, 21ஆம் தேதி குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களுடன் அமைச்சர்கள் பேசிய பிறகு 24ஆம் தேதி அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று, திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அந்த முடிவை மனதார வரவேற்றேன். ஆனால், சட்டம் இயற்றும் முறையில் அன்று வெளிப்பட்ட குறை களையப்படாததால் இதை எழுதுகிறேன்.

'12 மணி நேர வேலை மசோதா' என்றே அது பேசப்பட்டாலும், உள்ளே இருந்தது அதைவிடக் கவலை தருவது. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அன்று வரம்பு விதித்திருந்தது. புதிதாகச் சேர்க்கவிருந்த 65அ பிரிவோ, இந்த வரம்புகளிலிருந்தும், வார விடுமுறை, இடைவேளை, மிகைநேர ஊதியம் பற்றிய பிரிவுகளிலிருந்தும் எந்தத் தொழிற்சாலைக்கும் அறிவிக்கை வழியாக விலக்களிக்கும் அதிகாரத்தை அரசிடம் ஒப்படைத்தது. எந்த ஆலைக்கு, எத்தனை மணி நேரம், என்ன நிபந்தனை என்பதையெல்லாம் பேரவை பேசித் தீர்மானிக்காமல், பின்னர் துறை தீர்மானித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது சட்டமன்றம் தன் பொறுப்பைத் தானே கைமாற்றிக் கொடுப்பதாகும். முதல் ஷிப்டுக்காக விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒரகடம் பகுதிப் பெண் தொழிலாளிக்கு, போகவர ஆகும் நேரமும் சேர்ந்தால் வீட்டில் தூங்க எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. குரல் வாக்கெடுப்பு என்பதால், தன் தொகுதி உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பதிவேட்டைப் பார்த்து அறியவும் அவருக்கு வழியில்லை.

மசோதாவைத் துறை தயாரிக்கிறது, சட்டத் துறை சரிபார்க்கிறது, அமைச்சரவை ஒப்புதல் அளிக்கிறது. இவையெல்லாம் நிர்வாகத்தின் வேலை. அதன்பின் வரிக்கு வரி கேள்வி கேட்க வேண்டிய 234 உறுப்பினர்களுக்கு அதற்கான அவகாசமும் இடமும் தரப்படுவதில்லை. கேரளத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள், அதாவது துறை வாரியாகப் பிரித்து உறுப்பினர்களைக் கொண்டு அமைக்கப்படும் பேரவைக் குழுக்கள், இயங்குகின்றன. அங்கே மசோதா அறிமுகமானதும் அக்குழுவின் ஆய்வுக்குச் செல்வது வழக்கம். நாடாளுமன்றத்திலும் 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் உண்டு. நம் பேரவையின் பொதுக் கணக்குக் குழுவும் மதிப்பீட்டுக் குழுவும் பயனுள்ளவையே. ஆனால் அவற்றின் கவனம் நிதியின் மீதுதான். குறிப்பிட்ட ஒரு மசோதாவை ஆராய்வதற்கென அமைக்கப்படும் தெரிவுக் குழுவுக்கு அனுப்ப விதி இருந்தும், மசோதாக்கள் அங்கே போவது மிக அரிது. துறைவாரிக் குழு ஒன்று இங்கே இருந்து, அன்று தொழிற்சங்கத்தாரையும் ஆலை நிர்வாகங்களையும் அழைத்து விசாரித்திருந்தால், நிறைவேறிய பிறகு கோட்டையில் நடந்த அதே பேச்சு முன்பே, பதிவுடன் நடந்திருக்கும்.

சட்ட வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014இல் ஒரு கொள்கை வகுத்தது. மத்திய அமைச்சகங்களே அதைப் பலமுறை மீறியிருக்கின்றன என்பதால், தமிழ்நாடு இதைப் பேரவை விதியாகவே எழுதிவைப்பது நல்லது. வரைவு தமிழிலும் வெளிவர வேண்டும். அவசரம் என்று அரசு கருதினால், காரணத்தை எழுத்தில் அவையில் வைத்து விலக்குக் கோரலாம். துறைவாரிக் குழுக்கள், வரைவு வெளியீடு ஆகிய இரண்டையும் பேரவைத் தலைவர் விதிகள் குழுவின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காஞ்சிபுரம்.