பிளாஸ்க் வாங்குபவர்கள் திறந்து வடியைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கடைகளில் உள்ளே வடி வைத்த பிளாஸ்க்குகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. தேயிலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடிக்கொண்டால் பஸ்ஸிலும் வேலைத்தலத்திலும் குடிக்கலாம். நம் பிள்ளைகள் கடதாசிப் பைத் தேயிலையை விட்டு நல்ல தேயிலையைத் தேடுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் இவற்றில் பல, தேயிலையின் குணம் அறியாதவர்கள் செய்தவை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எத்தனை மணிநேரம் சூடு நிற்கும் என்றே பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். தேயிலை உள்ளேயே கிடந்தால் அந்தச் சூடுதான் தேநீரைக் கெடுக்கும். கோப்பையில் ஆற ஆறச் சாயம் இறங்குவது குறைந்துவிடும். பிளாஸ்க்கில் அது ஓயாது. கொட்டகலையில் ஊற்றியது கண்டிக்குப் போய்ச் சேரும்போது வாயில் வைக்க முடியாத கசப்பாகியிருக்கும். ஆகையால் வடியைத் தனியாக வெளியே எடுக்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். அடியோடு பொருத்திய வடி வேண்டவே வேண்டாம். தேயிலையைச் சுவை பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3103 என்னும் சர்வதேசத் தர முறையில் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலையை ஆறு நிமிடம் ஊறவிடுவார்கள். குற்றங்குறை வெளிப்படுவதற்கான கடும் சாயம் அது. குடிப்பதற்கு அதில் பாதித் தேயிலையும் மூன்று நான்கு நிமிடமும் தாராளம்.

அடுத்தது துளை. ஓ.பி. தரத் தேயிலை போன்ற நீண்ட இலைக்குப் பெரிய துளை பரவாயில்லை. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பி.ஓ.பி.எப். அல்லது டஸ்ட் என்னும் பொடித் தேயிலை; அது அந்தத் துளையில் நிற்காது. வீட்டில் குடிக்கும் தேயிலையில் ஒரு சிட்டிகையைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வடியில் போட்டு வெள்ளைக் கடதாசியின் மேல் தட்டுங்கள். கீழே விழுவதெல்லாம் நாளை உங்கள் வாய்க்கு வரும். பெட்டியைத் திறக்கவிடாத கடையில் வாங்காதீர்கள். வடியின் நீளத்தையும் கவனியுங்கள்: வாயோரத்தில் தொங்கும் குட்டை வடிக்குப் பிளாஸ்க் நிறைய ஊற்றினால்தான் தண்ணீர் எட்டும்.

கண்ணாடி பார்வைக்கு அழகு, நிறமும் தெரியும். றம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு எவர்சில்வரே நல்லது. கை நுழையும் அகல வாய் இருந்தால் கறையை அப்பச்சோடாவும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவலாம். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ முடியாவிட்டால் பழைய வாடை போகவே போகாது. பாலை உள்ளே ஊற்றாதீர்கள். அது புளிக்கும், துளைகளையும் அடைக்கும். நம் பெரியவர்களைப் போல உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பது எவ்வளவோ மேல்.

நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. குளிர்ந்த பிளாஸ்க்கில் ஊற்றினால் இன்னும் இறங்கும். முதலில் சிறிது கொதிநீரை விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டு, பிறகு தேயிலையைப் போடுங்கள்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் மலைக்குப் பழைய பிளாஸ்டிக் போத்தல்களில் சாயத்தண்ணி கொண்டுபோவதை இன்றும் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்த வடியெல்லாம் தேவையில்லை. லயத்து வீட்டில் வடித்த தேநீரை ஊற்றிக்கொள்ள, ஒழுகாத மூடியுள்ள சாதாரண எவர்சில்வர் பிளாஸ்க் போதும். ஆண்டு இறுதியில் சுவர்க் கடிகாரமும் தட்டும் பரிசளிக்கும் தோட்ட நலன்புரிச் சங்கங்கள் அடுத்த முறை இதைக் கொடுக்கலாமே.

ஓய்வுபெற்ற தொழிற்சாலை அலுவலர்,
கொட்டகலை.