ஒளித்துப் பார்த்த படம்

நீடாமங்கலம்
மார்கழி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். சம்பா கதிர் வாங்கிவிட்டது. இனி மழை இல்லாமல் இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. ராத்திரியில் ரூமில் எல்லோருமாக ராமராஜனின் கரகாட்டக்காரன் படம் போட்டுப் பார்க்கிறீர்கள், யாராவது கதவைத் தட்டினால் மாற்றிவிடுகிறீர்கள் என்றாய். "பிடிச்சிருக்குப்பா, ஆனா வெளியில சொல்ல ஒரு மாதிரியா இருக்கு" என்றாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. நானும் அதே படத்தை ஒளித்து ஒளித்துப் பார்த்தவன்தான்.

கரகாட்டக்காரன் 1989 ஜூனில் வந்தது. மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய படம். நம்ம பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது மார்கழி. மார்கழியில் கல்யாணம் கிடையாது, மேளம் வாசிக்கிற நமக்கு வரும்படியும் கிடையாது. விடியற்காலை நாலு மணிக்குக் கோயிலில் திருப்பள்ளியெழுச்சிக்கு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் கொட்டகைக் குழாயில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு வயல் தாண்டிக் கேட்கும். தாத்தா படுத்துக் குறட்டை வந்த பிறகு நான் பின்பக்கமாகக் கிளம்பி இரண்டாவது ஆட்டத்துக்கு ஓடுவேன். தரை டிக்கெட். பனியில் மணல் சில்லென்றிருக்கும். அதைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொள்வேன். ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்ற நாலைந்து தடவை விளக்குப் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குனிவேன். அந்த ஒரு வாரத்தில் அஞ்சு தடவை பார்த்தேன். தூங்காத கண்ணோடு போய்ப் பூபாளம் வாசித்தேன்.

தாத்தா சினிமாவுக்கு விரோதி இல்லை. தில்லானா மோகனாம்பாளை (1968) மன்னார்குடிக்குச் சைக்கிள் மிதித்துப் போய் நாலு தடவை பார்த்தவர். சிவாஜி நாயனம், டி.எஸ். பாலையா தவில். திரைக்குப் பின்னால் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த வாசிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் சோறு ஆறிப்போகும். ஆனால் கரகாட்டக்காரன் என்றால் முகம் சுண்டிவிடும். "நாம கோயில்லயும் கல்யாணத்துலயும் வாசிக்கிற ராஜமேளம்டா. அது கரகாட்டத்துக்கு அடிக்கிற நையாண்டி மேளம். தவிலையும் நாயனத்தையும் சிரிப்புக்குக் கொடுத்துட்டானுங்க" என்பார். அதில் தவில் கவுண்டமணி, நாயனம் செந்தில், உனக்குத் தெரியும்.

மறு தையில் ஒரு கல்யாணம். மாலை வரவேற்புக்கு வாசித்துவிட்டுக் காபிக்காக நிறுத்தியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன், பதினைந்து வயசிருக்கும், ஒரு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து தாத்தாவின் தவில் மேல் வைத்து, "இன்னொண்ணு எங்கண்ணே?" என்று கேட்டான். பந்தலே சிரித்தது.

நானும் சிரித்தேன், பாப்பா. வேண்டுமென்று சிரிக்கவில்லை. படத்தில் வருகிற அந்த வாழைப்பழக் காட்சி அஞ்சு ராத்திரியாக என் வாயிலேயே இருந்தது, தன்னால் வந்துவிட்டது. தாத்தா என்னைத்தான் பார்த்தார், அந்தப் பையனைப் பார்க்கவே இல்லை. பழத்தை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். விரல் கூடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு மறுபடி வாசிக்க உட்கார்ந்தார். மறுநாள் முகூர்த்தத்தில் அவர் போட்ட கெட்டிமேளம் மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பற்றி அவர் கடைசிவரை கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

அதற்கப்புறம் பல வருஷம் அந்தப் படம் டிவியில் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். பாட்டு மட்டும் காதில் விழும். உன் போன் வந்த அன்று ராத்திரி அம்மா தூங்கிய பிறகு செல்லில் போட்டு முழுசாகப் பார்த்தேன். அந்தப் பழைய காரைத் தள்ளிக்கொண்டு போகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். வலங்கைமான் ரோட்டில் நடுராத்திரி நாங்கள் வாடகை வேனைத் தள்ளியது ஞாபகம் வந்துவிட்டது. தாத்தா தவிலை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்திருந்தார். அச்சாரம் நூறு ரூபாய் வாங்கியிருந்தோம், மீதியைத் தராமலே அனுப்பிவிட்டார்கள். சாப்பாடும் இல்லை. சுருதிக்கு ஒத்து ஊதுகிற ஒத்துக்காரர் மடியிலிருந்த பழத்தைத்தான் நாலு பேரும் பங்கு போட்டோம். தாத்தா நாலு தடவை பார்த்த படத்தில் பகட்டும் மேடையும் இருந்தன. எங்கள் பிழைப்பு இருந்தது இந்தப் படத்தில்தான். கதையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், யோசித்துப் பார்: இரண்டு கலைக்காரர்கள், போட்டி, ரோஷம், காதல். ராஜமேளம், நையாண்டி மேளம் என்ற வித்தியாசம் பந்தலில் இருப்பவனுக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. அது தாத்தாவுக்கு வலித்தது. வலித்ததில் தப்பே இல்லை. ஆனால் நையாண்டி மேளக்காரனும் நம்மைப் போலத்தான் விரலில் கூடு மாட்டுகிறான், நாயனத்துச் சீவாளியை எச்சிலில் நனைக்கிறான், பசியோடு ஊர் திரும்புகிறான். இதை அவரிடம் சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை.

படம் எனக்கு அன்றும் பிடித்தது, இன்றும் பிடிக்கிறது. என் தப்பு அந்தப் பந்தலில் சிரித்தது.

தை ஆறாம் தேதி மன்னார்குடியில் முகூர்த்தம். முடிகிற நேரத்தில் யாராவது அந்தப் படத்து 'மாங்குயிலே' பாட்டைக் கேட்பார்கள். முன்பெல்லாம் காதில் விழாத மாதிரி மங்களம் பாடி முடித்துவிடுவேன். இந்தத் தடவை வாசிக்கலாம் என்றிருக்கிறேன். பொங்கலுக்கு வருகிறவள் இன்னும் ரெண்டு நாள் லீவு போட்டு இருந்துவிட்டுப் போ. தாத்தா தவிலுக்குப் புது வார் கட்டியாகிவிட்டது. உன் சித்தப்பாதான் வாசிக்கிறான்.

பனி அதிகம், காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா