ஒரே வீட்டில் இரண்டு கேஸ் ஃபைல்

அரசு மருத்துவமனைகளின் புற்றுநோய்த் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். அம்மாவுக்கு மார்பகத்தில், அப்பாவுக்குக் குடலில் என இருவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை நடக்கும் வீடுகளுக்கு நாங்கள் போய்வருகிறோம். உங்கள் பதிவேட்டில் அவர்கள் தொடர்பில்லாத இரண்டு எண்கள். வீட்டிலோ இருவருக்கும் சேர்த்து ஒரே மகளோ மகனோதான் துணை. புறநோயாளிச் சீட்டு போடும்போதே "வீட்டில் வேறு யாருக்காவது சிகிச்சை நடக்கிறதா?" என்று கேட்டு, ஒவ்வொரு ஃபைலின் அட்டையிலும் மற்றவரின் எண்ணை எழுதிவைக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்க முடியும்.

மறுபரிசோதனையையும் ரத்தப் பரிசோதனையையும் இருவருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும். கீமோவை மட்டும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். பெரும்பாலான மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். 21 நாள் சுழற்சியை இருவருக்கும் ஒன்றாகத் தொடங்கினால் அந்த ஆபத்தான வாரமும் இருவருக்கும் ஒன்றாகவே வரும். ஒரே இரவில் இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்றால் அந்தப் பிள்ளை யாரைத் தூக்கிக்கொண்டு ஓடும்? சுமார் 10 நாள் இடைவெளி விட்டால், ஒருவர் சோர்ந்து படுக்கும்போது மற்றவர் கொஞ்சம் தேறியிருப்பார். தள்ளக்கூடாத சிகிச்சையைத் தள்ளச் சொல்லவில்லை. தேதி குறிக்குமுன் அடுத்த ஃபைலையும் பாருங்கள் என்றே கேட்கிறோம்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்பதை எழுதியே கொடுங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. மாத்திரை காய்ச்சலை மறைக்கும். தொற்று உள்ளே வளரும்.

மருந்து மாறிப்போவது அடுத்த கவலை. குடல் புற்றுநோய்க்கான கேப்சைட்டபின் மாத்திரையை வழக்கமாகக் காலையும் இரவும் சாப்பிட்ட அரை மணிக்குள் போட வேண்டும், 14 நாள் போட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கான லெட்ரோசோல் மாத்திரை தினம் ஒன்று, இடைவெளியே கிடையாது. இரண்டையும் ஒரே ரப்பர் பேண்டில் கட்டிக் கொடுத்தால், அப்பாவின் ஓய்வு வாரத்தில் அம்மாவின் மாத்திரையும் நின்றுவிடும். மருந்தகத்தில் ஆளுக்கொரு நிற உறையில் பெயரும், தொடங்கும் தேதியும், நிறுத்தும் தேதியும் எழுதிக் கொடுத்தால் போதும். கீமோ ஏறிய 48 மணி நேரத்துக்கு ஒருவரின் வாந்தியையோ அழுக்குத் துணியையோ மற்றவர் தொடக்கூடாது, துணைக்கு இருப்பவர் கையுறை போட வேண்டும் என்பதையும் அதே உறையில் அச்சிடலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது குடும்பத்துக்கே, ஆளுக்கு அல்ல. பலர் இதை இரண்டாமவரின் சிகிச்சை பாதியில் நிற்கும்போதுதான் அறிகிறார்கள். முதல் முன் அனுமதி கேட்கும்போதே இரண்டு சிகிச்சைத் திட்டங்களின் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஆண்கள் வார்டிலும் பெண்கள் வார்டிலும் ஒருசேரப் படுத்திருக்கும் பெற்றோருக்கு ஒரே பிள்ளைதான் என்றால், இரண்டு வார்டுக்கும் செல்லும் ஒரே பாஸ் வழங்குங்கள்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்பில் பணிபுரியும் செவிலியர்கள்