நுவரெலியாவில் கூட்டிய பூஸ்ட் கொழும்பில் என்னவாகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் வசந்தகாலம் நெருங்கினால் மலையகத்து கராஜ்களில் கேட்பது ஒரே கேள்விதான்: "பாஸ், பூஸ்டைக் கொஞ்சம் கூட்டிவிட முடியுமா?" பூஸ்ட் என்பது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கூடுதல் அழுத்தம். மாகஸ்தோட்டையிலும் ரதெல்லயிலும் மலையேற்றப் போட்டியில் மேடேறும் கார்களைப் பார்த்துவிட்டு வந்தால் டர்போ பூட்டிய கிளான்ஸா வைத்திருப்பவருக்கும் இம்ப்ரெஸா வைத்திருப்பவருக்கும் கை துருதுருக்கத்தானே செய்யும். கூட்டலாம், தப்பில்லை. ஆனால் எந்த உயரத்தில் நின்று கூட்டுகிறோம் என்பதைப் பெரும்பாலானோர் கணக்கில் எடுப்பதில்லை.

நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) இருக்கும் வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே 11.7 அளவுதான். பூஸ்ட் மானி காட்டுவது இதற்கு மேல் டர்போ சேர்த்ததை மட்டும். மானி 10 காட்டும்போது கொழும்பில் என்ஜினுக்குள் இருப்பது 24.7, நுவரெலியாவில் 21.7. "மூன்று பிஎஸ்ஐ கூட்டினால் போன பவர் திரும்பிவிடும்" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது.

கூட்டல் சரி. ஆனால் டர்போவுக்குத் தெரிந்தது பெருக்கல். கொழும்பில் 14.7ஐ 24.7 ஆக்க 1.68 மடங்கு அழுத்தினால் போதும். நுவரெலியாவில் 11.7ஐ அதே 24.7 ஆக்க 2.11 மடங்கு அழுத்த வேண்டும். டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் வினைத்திறனை 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 20 பாகை செல்சியஸில் உள்ளே போகும் காற்று முதலாவதில் சுமார் 87 பாகையில் வெளியே வரும், இரண்டாவதில் சுமார் 120. சிறிய டர்போவில் அந்த மடங்குக்குப் போகும்போது வினைத்திறனும் விழும், தண்டின் வேகமும் எல்லையைத் தாண்டும். ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம், மூன்றாம் கியரில் முழு மிதியில் போகும் காருக்கு முன்னால் வரும் காற்றும் குறைவு. அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் சூடேறினால் ஆறவே ஆறாது. குளிர் ஊர் என்பதால் காற்றும் குளிர்ச்சியாகவே உள்ளே போகும் என்று நம்புவது வீண்.

இதைவிட ஆபத்து இறங்கும்போது. நுவரெலியாவில் பூஸ்டின் அளவை வைக்கும் மெனுவல் கொன்ட்ரோலரைத் திருகி 14 பிஎஸ்ஐ வைத்த கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே மொத்தம் 25.7. அதே திருகோடு கொழும்புக்குப் போனால் 28.7, அதாவது 12 சதவீதம் கூடுதல் அழுத்தம். அதோடு 32 பாகை வெயில். மேலே ஒரு 'டிக்' சத்தமும் கேட்காத என்ஜின் அவிசாவளை தாண்டியதும் நொக் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) அடிக்கத் தொடங்குவது இதனால்தான். நொக் அடிக்கும் என்ஜினில் முதலில் போவது பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சுவர். அது உடைந்தால் நீல நிறப் புகை, பிறகு ஒயில் குறைதல், பிறகு என்ஜினைப் பிரிக்கும் செலவு. ஆகவே டியூனிங்கைத் தாழ்நிலத்தில், வெயிலில் முடியுங்கள். அங்கே தாங்கும் கார் மேலேயும் தாங்கும். மேலே 10 சதவீதம் பவர் குறைந்தால் குறையட்டும்.

பூஸ்டைத் தொடுமுன் என்ஜினின் நலம் பார்க்க வேண்டும். இங்கும் உயரம் ஏமாற்றும். கைநூலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் எழுப்பும் அழுத்தம்) 170 பிஎஸ்ஐ என்று இருந்தால், நுவரெலியாவில் நல்ல என்ஜினே 135 முதல் 140 வரைதான் காட்டும். அதைப் பார்த்து என்ஜின் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை. அது 10 சதவீதத்தைத் தாண்டினால் பூஸ்ட் பேச்சை விட்டுவிடுங்கள். ஐட்லிங்கில் வெக்கூம் மானி (என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளப்பது) காட்டுவதும் ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் பாதரசம் வீதம் குறையும். அது ஓட்டை அல்ல.

உண்மையான ஓட்டையைப் பிடிக்க டர்போவின் வாயை அடைத்து 15 பிஎஸ்ஐ காற்றை உள்ளே விட்டு, ஒவ்வொரு ஹோஸ் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் பூசுங்கள். பூஸ்ட் குறைகிறது என்று வரும் கார்களில் பலவற்றுக்கு மருந்து ஒரு புதிய கிளிப்தான்.

அடுத்தது எரிபொருள். முழு பூஸ்டில் நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு 11.5 முதல் 12 பங்கு காற்று இருக்க வேண்டும். புகைக்குழாயில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சர் இல்லாமல் இதை அறிய முடியாது. காதும் மூக்கும் போதாது. பூஸ்ட் ஒரு பார் ஏறினால் இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொடுக்கும் எரிபொருள் ரெயிலிலும் ஒரு பார் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பம்ப் களைத்துவிட்டது. பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருந்தால் பெரியது போடாமல் மேலே போகக் கூடாது. பிளக்கை ஒரு படி குளிரானதாக, அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவதாக, மாற்றுங்கள் (என்ஜிகேயில் 6 என்றால் 7). இடைவெளி 1.1 மில்லிமீற்றர் இருந்தால் 0.7 அல்லது 0.8க்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் அடர்ந்த காற்று பொறியை ஊதி அணைத்துவிடும்.

பூஸ்ட் எல்லை மீறினால் பெற்றோலை நிறுத்தும் ஃபியூயல் கட்டைத் தவிர்க்கச் சிலர் சின்னப் பெட்டி ஒன்றைப் பொருத்துகிறார்கள். அது பூஸ்ட் குறைவாக இருப்பதாக ஈசியுவிடம் (என்ஜினை இயக்கும் கணினி) பொய் சொல்கிறது. ஈசியுவும் அந்தக் குறைந்த பூஸ்டுக்குரிய பெற்றோலை மட்டும் கொடுக்கிறது. பிஸ்டனில் ஓட்டை போட இதைவிட மலிவான வழி இல்லை.

பூஸ்டைக் கூட்டும்போது கொன்ட்ரோலரைக் கழற்றி வேஸ்ட்கேட் (மிஞ்சிய புகையை டர்போவைச் சுற்றி வெளியே விடும் வால்வு) ஸ்பிரிங் தரும் அழுத்தத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு பிஎஸ்ஐ, அதற்குமேல் வேண்டாம். ஒவ்வொரு படியையும் டைனோவில் (குதிரைவலு அளக்கும் உருளை மேடை) பதிவு செய்யுங்கள். பொது வீதி சோதனைக்கூடம் அல்ல. நொக் தெரிந்தாலோ, கலவை 12ஐத் தாண்டினாலோ, இன்டர்கூலரைத் தாண்டிய காற்று 60 பாகையைத் தொட்டாலோ ஒரு படி இறங்கிவிடுங்கள். பெரிய சைலன்சர் குழாய் போட்ட கார்களில் உயர் சுழற்சியில் பூஸ்ட் தானாகவே ஏறும், ஏனெனில் வேஸ்ட்கேட்டின் துவாரம் அந்தப் புகையோட்டத்துக்குப் போதாது. அங்கே திருகைக் குறைத்துப் பயனில்லை. துவாரத்தைப் பெருப்பிக்க வேண்டும். ஊதல் சத்தத்துக்காகப் போடும் வால்வு குதிரைவலு ஒன்றையும் சேர்க்காது.

95 ஒக்டேனுக்கு டியூன் செய்த காரில் ஒருநாள் நொக்கைக் குறைவாகத் தாங்கும் 92 அடிக்க நேரும். அன்றைக்காகவே குறைந்த பூஸ்ட் அமைப்பு ஒன்றைத் தனியாக வைத்திருங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் மறக்க வேண்டாம். நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். அழுத்தத்தைப் பிடித்துவைக்காத தளர்ந்த மூடியோடு மேடேறினால் தெர்மோஸ்டாட் (சூடான தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்து சில பாகைகளில் கொதித்துவிடும். ஏறி முடிந்து வீட்டு வாசலில் நின்றதும் சாவியைத் திருப்பாமல் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள், இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் ஒயில் கரியாகும். பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டிஓடி 4 ரக பிரேக் ஒயில் ஈரம் குடித்தால் அதன் கொதிநிலை 230 பாகையிலிருந்து 155 வரை இறங்கக்கூடும், இறக்கத்தில் மிதி தரையைத் தொடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகையில் டியூன் செய்த கார்களின் குதிரைவலுவை வெளியிடும்போது, அந்த இலக்கம் எந்த ஊரில், எந்த ஒக்டேனில் எடுத்தது என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
டர்போ வாகனங்களில் வேலை செய்யும் மெக்கானிக்மார்,
நானுஓயா.