அலமாரியில் படுத்திருந்த போர்த்தோ

தம்பி,

நீ கொண்டுவந்த போர்த்தோ, அதாவது போர்ட் வைன் பாட்டிலைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் "இன்னுமா அதை வச்சிருக்கீங்க, கொட்டிடுங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். ஸ்பீக்கரில் உன் அப்பா கேட்டுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. அதற்கப்புறம் இரண்டு நாள் மனுஷன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஏதோ நான்தான் உன்னை அப்படிச் சொல்லவைத்த மாதிரி. அதனால்தான் இந்த நீளக் கடிதம். வாட்ஸ்அப்பில் கட்டை விரலால் தட்டி முடிகிற விஷயமில்லை இது.

மூன்று கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ பிரான்ஸில் துலூஸிலிருந்து கொண்டுவந்து திறந்த போர்த்தோ. பூசை முடிந்து வந்து ஆளுக்கொரு சின்ன கிளாஸ் குடித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? மீதி முக்கால் பாட்டில். அதில் பாதியை அப்பா அன்றைக்கே உன் தாத்தாவின் கிரிஸ்டல் குடுவையில் ஊற்றி, தாத்தாவின் பட்டாள மெடல்களுக்குப் பக்கத்தில் ஷோகேஸில் வைத்துவிட்டார், பார்க்க அழகாக இருக்கிறதாம். மிச்சத்தை மூடி அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் படுக்க வைத்தார், வைனைப் படுக்கத்தான் வைக்கவேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். அது திறக்காத பாட்டிலுக்கு, அதுவும் இழுத்துப் பிடுங்குகிற முழுக் கார்க் போட்டதற்கு. உன்னுடையது கையால் திருகி எடுக்கிற பிளாஸ்டிக் தலைவைத்த கார்க். அந்த மூடி போட்டு வந்தாலே வாங்கினோமா குடித்தோமா என்று இருக்கவேண்டிய சரக்கு என்று அர்த்தம், வைத்துப் பழசாக்க அல்ல. விளைவு என்ன தெரியுமா, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அப்பாவின் பட்டு வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை, அலமாரிக் கதவிடுக்கில் எறும்பு வரிசை. பாட்டிலை நான் கண்டுபிடித்ததே எறும்பு வழியாகத்தான்.

அப்பாவின் கட்சி, வைன் பழசாக ஆகத்தான் ருசி ஏறும் என்பது. லாஸ்பேட்டை அத்தையின் கட்சி, திறந்து மூன்று வருஷமானது விஷமாகியிருக்கும் என்பது. இரண்டு பேரும் சத்தமாகச் சொன்னார்கள், இரண்டும் தப்பு. இருபத்தெட்டு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள் வீட்டில் இப்படி வாய்ப்பேச்சில் தீர்ப்பு சொன்னால் எப்படி? சரி, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் விஷம் பற்றி. போர்ட் என்பது சாதாரண வைன் இல்லை. போர்த்துகலில் தோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். 550 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்கு ஏறக்குறைய 115 லிட்டர் சாராயம், அதுவும் 77 சதவீதத்துச் சாராயம். ஈஸ்ட் செத்துப்போகிறது, சாப்பிடாத சர்க்கரை அப்படியே நிற்கிறது. அதனால்தான் அந்தத் தித்திப்பு, அதனால்தான் லேபிளில் 20 சதவீதம். அத்தனை ஆல்கஹாலும் சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்திருக்கிற இடத்தில் மனுஷனுக்கு நோய் கொடுக்கிற கிருமி பிழைக்காது. வினிகர் ஆக்குகிற பாக்டீரியாவே 15 சதவீதத்தைத் தாண்டினால் திணறும். 12, 13 சதவீத வைனைத் திறந்து வைத்தால் நாளடைவில் வினிகராகும், இது அவ்வளவு சுலபமாக ஆகாது. ஆகவே அத்தை தோற்றார்.

ஆனால் அப்பாவும் ஜெயிக்கவில்லை. மூடிய பாட்டில் பழசாவது வேறு, திறந்த பாட்டில் பழசாவது வேறு. பாதி காலியான பாட்டிலில் மீதிப் பாதி காற்று. அதிலிருக்கிற ஆக்சிஜன் முதலில் பழ வாசனையைத் தின்னும், அப்புறம் நிறத்தை. எத்தனால், அதாவது அதிலிருக்கிற ஆல்கஹால், கொஞ்சம் கொஞ்சமாக அசிட்டால்டிஹைடு என்கிற வேறு பொருளாக ஆகும். நம்மூர் வெயில் வேறு. பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்று போர்டில் எழுதிப்போடுவேனே, அந்தக் கணக்கில் முத்தியால்பேட்டை மாடி அறையில் மூன்று மே மாதம் கழித்த பாட்டில் எந்தக் கதியில் இருக்கும் என்று நீயே யோசி. பிரிட்ஜில் வைத்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். அங்கே வைக்கக்கூடாது, தயிருக்குப் பக்கத்தில் சாராய பாட்டிலா என்று சண்டை போட்டது நான்தான். அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன், அப்பாவிடம் சொல்லிவிடாதே.

இன்னொன்று, லேபிளில் ரூபி என்று போட்டிருக்கிறது. பெரிய தொட்டிகளில் காற்றுப் படாமல் வைத்து, சிவப்பும் பழ ருசியும் போகாமல் சீக்கிரம் பாட்டிலில் அடைப்பது அது. திறந்தால் மூன்று நான்கு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. டானி என்று ஒன்று விற்கிறது, பத்து வருஷம், இருபது வருஷம் என்று சின்னப் பீப்பாயில் மரத்தின் வழியாகக் காற்றை வாங்கிக்கொண்டே முதிர்ந்தது, அது திறந்தபின் இரண்டு மூன்று மாதம்கூட நிற்கும். மதைரா என்கிற போர்த்துகல் தீவு வைன் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்தில் மதைரா பீப்பாய்களைக் கப்பலில் ஏற்றி இந்தியா வரைக்கும் கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோவார்களாம், வெயிலிலும் ஆட்டத்திலும் வெந்து வந்த சரக்குக்குத்தான் மவுசு. இப்போது 45, 50 டிகிரியில் மூன்று மாதம் சூடாக்குகிறார்கள். காய்ந்த வற்றலை இன்னும் நாலு நாள் வெயில் என்ன செய்துவிடும்? ரூபி அப்படியில்லை, அது பச்சைக் காய்கறி.

பரிசோதனைக்கு வருகிறேன். மூடி சர்க்கரையில் இறுகியிருந்தது, வெந்நீர்த் துணி சுற்றி ஐந்து நிமிடம் வைத்தபிறகுதான் திரும்பியது. எவர்சில்வர் தம்ளரில் நிறம் தெரியாது என்று கண்ணாடிக் கிளாஸில் இரண்டு விரல் ஊற்றி, வெள்ளைத் துண்டுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். நீ திறந்த அன்று நாவல்பழச் சாறு மாதிரி இருந்தது. இப்போது செங்கல் கரைத்த தண்ணீர், ஓரத்தில் தேநீர் நிறம். அடியில் மண்டி. மண்டியைப் பார்த்து அப்பா முகம் சுளித்தார், அது நிறமியும் டானின் என்கிற துவர்ப்புப் பொருளும் படிவது, வேட்டித் துணியில் வடிகட்டினால் போயிற்று (அந்த வேட்டிதான் ஏற்கெனவே கறையாயிற்றே). அப்புறம் மோந்து பார்த்தேன். நகப்பூச்சு வாடை வந்தால் எத்தில் அசிட்டேட், மூக்கைக் குத்தினால் வினிகர், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டது, மூன்றில் ஒன்று வந்தாலும் சிங்க்கில் கொட்டியிருப்பேன். மூன்றும் இல்லை. வந்தது ரொம்பநாள் டப்பாவில் கிடந்த பேரீச்சம்பழ வாசனை, கொஞ்சம் பழைய வால்நட். நாக்கில் வைத்தால் தித்திப்பு இருக்கிறது, சூடு இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. திருவிழா முடிந்த மறுநாள் தேரடி மாதிரி.

ஆகவே என் தீர்ப்பு: குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் குடிக்கிற அளவுக்கு அதில் எதுவும் மிச்சமில்லை.

குடுவையில் இருந்ததுதான் வேறு கதை. அதை நான் நாக்கில்கூட வைக்கவில்லை. பழைய கிரிஸ்டல் என்றால் அது ஈயக் கண்ணாடி, கால் பங்கு வரைக்கும் ஈய ஆக்சைடு இருக்கும், அதுதான் அந்தப் பளபளப்பு, விரலால் சுண்டினால் வருகிற அந்த மணிச்சத்தம். சாப்பாட்டு நேரத்தில் ஊற்றி ஒரு மணி நேரத்தில் முடித்தால் பெரிய விஷயமில்லை. மாதக்கணக்கில் வைத்தால் வைனின் அமிலம் ஈயத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 1991ல் ஓர் ஆய்வில் இப்படி வைத்த போர்ட் வைனை அளந்திருக்கிறார்கள், லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் இருந்த ஈயம் நான்கு மாதத்தில் 2,000 மைக்ரோகிராமைத் தாண்டிவிட்டது. குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு 10. நம்முடையது நான்கு மாதமா, மூன்று வருஷம்! அப்பா பார்க்கவே கொட்டினேன். தாத்தாவின் குடுவை என்று ஒரு வார்த்தை முனகினார், குடுவையை நான் கொட்டவில்லையே, கழுவி அதே இடத்தில் காலியாக வைத்திருக்கிறேன், மெடலுக்குத் துணையாக.

பாட்டிலில் மிஞ்சியது ஒரு தம்ளருக்குக் கொஞ்சம் மேலே. வடிகட்டி, கிறிஸ்துமஸுக்குச் செய்கிற விவிக்கம் என்கிற ரவைக் கேக்குக்கு உலர்திராட்சையும் முந்திரியும் ஊறப்போட்ட ரம்மோடு சேர்த்துவிட்டேன். அங்கே அந்தப் பேரீச்சை வாசனை பொருந்துகிறது, நேற்று ஜாடியைத் திறந்தபோது நன்றாகவே இருந்தது.

ஊற்றுவதற்கு முன்னால் அப்பா ஒரு கிளாஸ் எடுத்து வைத்துக்கொண்டார். சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து ரொட்டியோடு குடித்துவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் என்னமோ சொல்றீங்க" என்றார். நான் வாதாடவில்லை. ராத்திரி விளக்கை அணைத்தபிறகு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "அவன் திறந்த அன்னைக்கு இருந்த மாதிரி இல்லை" என்றார். இவ்வளவு நாள் அவர் காப்பாற்றி வைத்திருந்தது வைனை இல்லை என்று எனக்கும் தெரியும்தான், இருந்தாலும் கேட்டதும் தூக்கம் வரவில்லை.

அடுத்த முறை கொண்டுவந்தால் டானியாகப் பார்த்து, அரை பாட்டில், 375 மில்லி. இல்லாவிட்டால் உங்கள் பக்கத்துத் தித்திப்பு வைன் பன்யூல்ஸ். ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதற்காக இரண்டு லிட்டரும் தூக்கிவராதே. மிஞ்சினால் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி பிரிட்ஜில் நிறுத்தி வைக்க நான் சம்மதம், தயிரைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டேன்.

காலி பாட்டிலை அப்பா கழுவி, லேபிள் நனையாமல் துடைத்து, மணி பிளான்ட் கிளை ஒன்றைப் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறார். கேக்கை 20ஆம் தேதி பேக்கரி அடுப்புக்குக் கொடுக்கவேண்டும். நீ வருகிறாயா, தனியாகவா அவளோடா, சீக்கிரம் சொல். ஒரு கிலோ ரவையா இரண்டு கிலோவா என்று அதைவைத்துத்தான் வாங்கவேண்டும்.

அம்மா