தொடர்கதையில் ஒரு மே மாதம்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த, இளம் ஆசிரியரின் காதலைச் சொல்லும் நகைச்சுவைத் தொடர்கதையை ஒரு வாரமும் விடாமல் படித்தோம். இரவல் செருப்பில் பெண் வீட்டுக்குப் போனவர், வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு திரும்பும் இடத்தில் நானும் என் மனைவியும் சிரித்து ஓய்ந்தோம்.

ஆனால், பகுதிநேர ஓவிய ஆசிரியரான அந்தக் கதாநாயகன் மே மாதச் சம்பளத்தில் காதலிக்குப் புடவை எடுக்கிறார். கதை நடக்கும் காலத்தில் எங்களுக்கு மே மாதம் சம்பளமே கிடையாது! 2012-இல், வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் என்று அரசுப் பள்ளிகளில் சேர்ந்த பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் நானும் ஒருவன். பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளிலும் "வேலை நிரந்தரமா?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்தது. நான்காவது வீட்டில் பெண்ணே கேட்டாள்: "மற்ற நேரத்தில் என்ன செய்வீர்கள்?" கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதாகச் சொன்னேன். "எங்கள் தெருமுனை மளிகைக்கடைப் பலகையில் ஒற்று விட்டுப்போனது உங்கள் கையெழுத்தா?" என்றாள். மறுநாளே ஏணியோடு போய் அந்த 'க்'கைச் சேர்த்தேன். அவள்தான் என் மனைவி.

கதாசிரியர் அடுத்த தொடரில் எங்கள் மே மாதத்தையும் எழுத வேண்டும்.

பகுதிநேர ஓவிய ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.