வாங்கு செய்யவில்லை, அக்கா

அன்புள்ள அக்கா,

நீங்கள் அனுப்பிய பணத்தில் சபைக்கு வாங்கு, அதாவது ஆட்கள் இருக்கிற மரப் பெஞ்ச், செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபப்படுவதென்றால் தொடக்கத்திலிருந்தே கோபத்தோடு வாசிக்கலாம். வருகிற சனிக்கிழமை அம்மாவின் ஆண்டு நினைவு. அன்றைக்கு மத்தியானம் நம் ஃபிளாட்டின் கீழே, வாகனம் நிறுத்துகிற இடத்தில் மேசை போட்டுச் சாப்பாடு கொடுக்கப்போகிறேன். கோழி புரியாணி, கத்தரிக்காய் மோஜு, வட்டிலப்பம். சமையல்காரருக்கு முற்பணம் கொடுத்தாயிற்று. தச்சு வேலைக்காரரிடம் வாங்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

உங்களைக் கேட்காமல் செய்ததற்கு மன்னியுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை. இது மன்னிப்பா சாட்டா என்று எனக்கே தெரியவில்லை.

இதை ஏன் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறாய் என்பீர்கள். உங்கள் சாட்சியும் நாலு பேர் பார்க்கிற இடத்தில்தானே இருக்கிறது? கனடாவில் ஸ்காபரோ சபையில் நீங்கள் பேசியதை யூடியூப்பில் போட்டார்கள், இங்கே கொழும்பில் வெள்ளவத்தையில் நமக்குத் தெரிந்த பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். மரக்கறிக் கடையில் ஓர் அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா எவ்வளவு வடிவாச் சொன்னவ" என்றார். வடிவாகத்தான் சொன்னீர்கள். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று 103ஆம் சங்கீதத்தில் தொடங்கினீர்கள். இலங்கையில் கரண்ட் இல்லை, காஸ் இல்லை, மருந்து இல்லை, ஆனாலும் கர்த்தர் என் தாயைப் பார்த்துக்கொண்டார் என்று சொல்லி அழுதீர்கள். நானும் அழுதேன். அப்புறம் திரும்ப ஒரு தரம் பார்த்தேன். அந்தத் தரம் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சகல உபகாரங்களும் என்று தொடங்கிவிட்டு ஒன்றையாவது பெயர் சொல்லிச் சொல்லவில்லையே அக்கா.

என் பெயரைச் சொல்லவில்லை என்பதற்காக இல்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை நிறுத்தினார்கள். மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டுக்குப் பக்கத்தில் சனம் திரண்டதும் அந்தக் கிழமைதான். அப்போது அம்மாவின் இன்சுலின் நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கவில்லை. லேன் முனையில், நாம் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரரின் கடையில், நெக்டோ போத்தல்களுக்கும் யோகட் கோப்பைகளுக்கும் நடுவில், அம்மாவின் பெயர் ஒட்டிய டப்பாவில் இருந்தது. அவரிடம் சின்ன ஜெனரேட்டர் ஒன்று உண்டு. பாவிக்கிற குப்பி வெளியில் இருந்தாலும் பரவாயில்லை, திறக்காததைத்தான் குளிரில் வைக்கவேண்டும் என்று காலுக்கு மருந்து கட்ட வந்த நேர்ஸ் சொல்லியிருந்தார். தட்டுப்பாட்டுக்குப் பயந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் திறக்காதவை.

ஓர் இரவு ஜெனரேட்டருக்குப் பெற்றோல் முடிந்துவிட்டது. எங்களுக்குத் தெரியாது. ஒன்பது மணிபோல் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் நானா. லிஃப்ட் ஓடாது, போன் வெளிச்சத்தில் நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார், கையில் ரெஜிபோம் பெட்டி. மீன்கடைக்காரரிடம் ஐஸ் வாங்கி நிரப்பியிருந்தார். ஐஸ் பட்டு உறைந்தால் மருந்து கெட்டுவிடும் என்று குப்பிகளைத் துவாயில் சுற்றி மேலே வைத்திருந்தார். வீடெல்லாம் மீன் வாடை. இருட்டுக்குள்ளிருந்து அம்மா, "ஆரு, மகனா?" என்று கேட்டார். "நான்தான் அன்ரி. விடியுமட்டும் ஐஸ் நிக்கும், பயப்படாதீங்க."

அம்மா அவரை இருக்கச் சொன்னார். பால்மா இல்லை. பிளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரில் வெறும் தேத்தண்ணி போட்டேன். அம்மா தனக்கென்று வைத்திருந்த மாரி பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். பசியோ மரியாதையோ, அந்த மனுசன் ஒன்று விடாமல் சாப்பிட்டார். பிறகு, "ஜெபம் பண்ணட்டா மகன்?" என்று அம்மா கேட்டார். "பண்ணுங்க அன்ரி" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்தார் நானா. அம்மாவின் ஜெபம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நானா, அவர் மனைவி, பிள்ளைகள், மீன்கடைக்காரர், நீங்கள், உங்கள் இரவு வேலை, நான், என் முதுகு நோ எல்லாம் அதில் வந்தது. ஜெனரேட்டருக்குப் பெற்றோல் வேண்டும் என்றும் கேட்டார். நானாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீங்கள் கோல் எடுத்தது அந்த நேரம் பார்த்துத்தான். போனில் பற்றரி சாகக் கிடந்தது. அம்மா எப்படி என்றீர்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்கிறார் அக்கா, யோசிக்காதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உங்கள் சாட்சியில் வந்தது இந்த வசனம்தான், என் வாயிலிருந்து போனது. பிறகு உங்களைக் கோபிக்க எனக்கென்ன உரிமை என்று யோசித்துப் பார்த்தேன். கோபம் போகிற மாதிரி இல்லை. நான் அதோடு நிறுத்தியது பற்றரி இல்லாததால். உங்களுக்கு ஒலிவாங்கியும் நேரமும் இருந்தன. அதற்குப் பிறகும் எத்தனை கோல் எடுத்திருப்பீர்கள்! எப்படிப் பார்த்துக்கொண்டார், யாரை அனுப்பிப் பார்த்துக்கொண்டார் என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

ஆனால் அந்தத் துவாய்க்குள் இருந்த குப்பிகள் உங்கள் காசில் வாங்கியவை. பனிக்குள் இரவு வேலைக்குப் போய் உழைத்த காசு. அதையும் நீங்கள் சாட்சியில் சொல்லவில்லை. அந்த இடத்தில் எனக்கு உங்களைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது.

கர்த்தருக்குரிய மகிமையை மனுசருக்குப் பிரித்துக் கொடுக்கிறாள் என்று இதை வாசிக்கிற சபையார் சிலர் சொல்வார்கள். அவர்களோடு இங்கே வாதாட நான் வரவில்லை. அவர்களில் சிலர் 2019 ஏப்ரல் 21இல், ஈஸ்டர் அன்று, தேவாலயங்களில் குண்டு வெடித்ததற்குப் பிறகு நானாவின் கடைப்பக்கம் போகாமல் விட்டவர்கள். நமக்குத் தெரிந்த குடும்பங்களிலும் அன்றைக்குச் சாவு விழுந்தது, ஆகவே அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அம்மாவும் பயந்தவர்தான். ஆனாலும் தடியை ஊன்றிக்கொண்டு போய் அதே கடையில் பாண் வாங்குவார், அதுவும் சனம் பார்க்கிற நேரமாகப் பார்த்து. அதற்குக் கைமாறாகத்தான் நானா நாலு மாடி ஏறினார் என்று நான் சொல்லவில்லை. அவரைக் கேட்டால், யார் வீட்டு மருந்தென்றாலும் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன் என்பார். உண்மையும் அதுதான்.

ஏன் சாப்பாடு என்றால், லேவியராகமம் 7. யாரும் ஆசைப்பட்டு வாசிக்கிற அதிகாரம் இல்லை, நானும் பந்தி பந்தியாகத் தாண்டிப்போகிற ஆள்தான். இந்த முறை நின்று வாசித்தேன். பொருத்தனைக்காகவோ உற்சாகமாகவோ செலுத்துகிற பலி என்றால் அதன் இறைச்சியை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திர பலிக்கு, அதாவது நன்றி சொல்லிச் செலுத்துகிற பலிக்கு, மட்டும் அந்தச் சலுகை இல்லை. அன்றைக்கே சாப்பிடவேண்டும், விடியற்காலம் வரைக்கும் ஒன்றும் மிச்சம் வைக்கக்கூடாது. அதோடு அப்பங்களும் வரும், புளித்த மாவில் செய்ததும் சேர்த்து. ஒரு ஆட்டையோ மாட்டையோ ஒரு குடும்பம் ஒரே நாளில் எப்படித் தின்று முடிக்கும்? அக்கம்பக்கத்தைக் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிட்டால் எதற்கென்று கேட்பார்கள், கர்த்தர் என்ன செய்தார் என்று வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். இந்தச் சட்டத்தின் நோக்கமே அதுதான் என்று அடித்துச் சொல்ல நான் வேத பண்டிதர் இல்லை. சட்டத்தை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் நடந்திருக்கும்.

வாங்கு என்றால் காலத்துக்கும் நிற்கும் என்றீர்கள். நிற்கும்தான். அம்மாவின் பெயரும் அதில் நிற்கும், "கனடாவில் வசிக்கும் மகளின் அன்பளிப்பு" என்று கீழே ஒரு வரியும் நிற்கும். அந்த வரியை நீங்கள் கேட்கவில்லை, தச்சு வேலைக்காரர்தான் வழக்கப்படி போடட்டா என்று கேட்டார். அதைக் கேட்டதும் எனக்குள் என்ன ஓடியது என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன். வீட்டு உறுதி விஷயத்தையும் இங்கே எழுதமாட்டேன். அது நமக்குள்ளே.

சனிக்கிழமைக்கு நானா குடும்பத்தோடு வருகிறார், கோழியும் அவர் சொன்ன ஹலால் கடையில்தான். மீன்கடைக்காரர் வருகிறார். காஸ் வரிசையில் தன் சிலிண்டரோடு சேர்த்து நம்முடையதையும் சங்கிலி போட்டுக் காத்த கீழ்வீட்டு சிங்கள அம்மா, லிஃப்ட் ஓடாத நாளில் அம்மாவைக் கதிரையோடு தூக்கி இறக்கிய ஹட்டன் செக்யூரிட்டித் தம்பி, நேர்ஸ், அவர்களும் வருகிறார்கள். போதகர் ஐயாவையும் கூப்பிட்டிருக்கிறேன். வாங்கைப் பற்றிக் கேட்டார், நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள் என்று சொல்லவில்லை. சிரித்துச் சமாளித்தேன்.

பணத்தில் மிச்சம் இருக்கும், கணக்கு வட்ஸ்அப்பில் வரும். வாங்கு கட்டாயம் வேண்டுமென்றால் மிச்சத்தோடு கொஞ்சம் சேர்த்து அனுப்புங்கள், தச்சு வேலைக்காரரிடம் நானே போய்ப் பேசுகிறேன். அந்த வரி மட்டும் இல்லாமல்.

நானாவின் இலக்கத்தைத் தனியாக அனுப்புகிறேன். சனிக்கிழமை உங்களுக்குக் காலை பத்தரை என்றால் இங்கே இரவு எட்டு, அந்த நேரம் கடையில் இருப்பார். கோல் எடுத்து உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அழாமல் சொல்லுங்கள், அழுதால் மனுசன் பயந்துவிடுவார்.

உங்கள் தங்கை